தட்டோடு, கர்லாக்கட்டை, காதுகுத்து: மாசியில் ஒரு வாரம்

வீட்டு வேலை, உடற்பயிற்சி, சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மூன்றையும் ஒரே தாளில் எழுதி வாரத்தைத் திட்டமிட வேண்டும் என்பது என் கட்சி. ஜிம்முக்குப் போன நாளை மட்டும் பயிற்சி என்று குறித்துவிட்டு, இரண்டு மாடி மணல் தூக்கிய நாளை ஓய்வு என்று எழுதினால் உடம்பு அந்தக் கணக்கை ஒத்துக்கொள்ளாது. மறுநாள் காலையில் முட்டியும் இடுப்பும் உண்மைக் கணக்கைச் சொல்லிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பும், குறைந்தது இரண்டு நாள் தசைகளை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டும் என்று இருக்கிறது, அந்த உழைப்பில் வீட்டு வேலையும் சேரும் என்பதையும் அதிலேயே சொல்லியிருக்கிறார்கள். அதைப் படித்த பிறகுதான் நான் மொட்டை மாடி வேலையையும் ஓட்டத்தையும் ஒன்றாக வைத்து யோசிக்க ஆரம்பித்தேன்.

இந்த வாரத்தின் பெரிய வேலை மொட்டை மாடி. மதுரையில் எங்கள் வீடு பழைய வீடு, தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, அதன் மேல் தட்டோடு, அதாவது தட்டையான சுட்ட மண் ஓடு, பதித்த மாடி. ஐப்பசி மழையில் மேல் அறையின் ஒரு மூலையில் ஈரம் இறங்கி வெள்ளை உப்பு பூத்திருந்தது. மழைக்காலத்தில் இதில் கை வைக்கக் கூடாது, எல்லாம் ஈரமாக இருக்கும். சித்திரை வெயிலில் வைத்தாலும் சிமெண்ட் காய்ந்து சுருங்கி மறுபடியும் வெடிக்கும். மாசிதான் சரியான மாதம். மழை கிடையாது, வெயில் முழு வேகத்தில் இல்லை, இப்போது செய்துவிட்டால் கோடைக்கு முன்னால் மேலே சுண்ணாம்பும் அடித்துவிடலாம்.

தட்டோட்டு மாடியில் தண்ணீர் ஓட்டின் வழியாக இறங்குவது குறைவு. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவில் இருக்கும் இணைப்பில்தான் இறங்கும், அதைவிட அதிகமாக கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையிலும், மழைநீர் குழாயின் வாயைச் சுற்றியும் இறங்கும். பகலில் வெயிலில் தளம் விரிகிறது, இரவில் சுருங்குகிறது, சுவர் அந்த அளவுக்கு அசைவதில்லை, அதனால் அந்த மூலை எப்போதும் விட்டுக்கொடுக்கும். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் கொத்தனார் ஐயா வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார். "தம்பி, பழசுக்கு மேல பூசுனா நிக்காது. பேத்து எடு, கழுவு, நனை, அப்புறம் வை." நான் செய்த மொத்த வேலையும் இந்த நாலு சொல்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஆரம்பித்தோம். வெடித்த இணைப்புகளைச் சாக்பீஸில் குறித்துக்கொண்டு, உடைந்த ஹேக்சா பிளேடாலும் பழைய ஸ்க்ரூ டிரைவராலும் அரை இஞ்ச் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்தோம். நல்ல இணைப்பைத் தட்டினால் கெட்டியான சத்தம் வரும், பொத்தலானதைத் தட்டினால் தொளதொளவென்று கேட்கும், காதுக்கு இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். சுரண்டிய தூசியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கூட்டி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவ வேண்டும். இந்தக் கழுவலில் அவசரப்படவே கூடாது. தூசி மேல் சிமெண்ட் ஒட்டாது, ஒட்டினது போலத் தெரிந்து ஒரு கோடை முடிவதற்குள் தகடாகப் பெயர்ந்து வரும்.

கலவை ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல். பூச்சு வேலைக்கு விற்கும் மெல்லிய எம் சாண்டையே வாங்கி, அதையும் ஒரு தடவை சலித்துக்கொண்டோம், இணைப்பு குறுகலாக இருப்பதால் பெரிய துகள் இருந்தால் உள்ளே இறங்காது. நீர்க்கசிவைத் தடுக்கும் திரவத்தை டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்குத்தான் சேர்க்க வேண்டும், பொதுவாகக் கடையில் கிடைப்பதில் 50 கிலோ சிமெண்ட் மூட்டைக்கு 200 மில்லி என்று இருக்கும். அதிகம் ஊற்றினால் அதிகம் காக்கும் என்று நினைத்து ஊற்றுகிறவர்கள் உண்டு, அது கலவையைக் கெடுக்கும். சிமெண்ட் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக ஆரம்பித்துவிடும் என்பதால் ஒரு பாண்டு சட்டியில் பாதி மட்டும் கலந்து, அது தீர்ந்த பிறகே அடுத்ததைக் கலந்தோம். இறுகிய கலவையில் மறுபடி தண்ணீர் விட்டுக் குழைப்பது பலர் செய்வது, அப்படிக் குழைத்தது பிறகு பலம் பிடிக்காது.

இணைப்பில் கரண்டி நுனியால் அழுத்தி அழுத்தி நிரப்பி, ஓட்டின் மட்டத்துக்குச் சரியாக வழித்துவிட்டோம். சுவர் மூலையில் மட்டும் கலவையைச் சாய்வாக, இரண்டு மூன்று இஞ்ச் அகலத்துக்கு வைத்து, பூச்சைச் சமப்படுத்தும் மணியாசுக் கட்டையால் தேய்த்து, தண்ணீர் மூலையில் தங்காமல் தளத்தை நோக்கி ஓடும்படி வாட்டம் கொடுத்தோம். மழைநீர் குழாயின் வாயைச் சுற்றி இருந்த பழைய பூச்சை முழுதாகக் கொத்தி எடுத்துவிட்டுத் தட்டு மாதிரி உள்வாங்கிப் பூசினோம். உப்பு பூத்த மூலை அந்தக் குழாய்க்கு நேர் கீழேதான் இருந்தது, கொத்தியபோது பூச்சுக்கும் குழாய்க்கும் நடுவில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி கிடந்தது. காரணம் அதுதான்.

இப்போது உடற்பயிற்சிக் கணக்குக்கு வருகிறேன். மணல், சிமெண்ட், தண்ணீர் எல்லாவற்றையும் கீழிருந்து இரண்டு மாடி ஏற்ற வேண்டும். ஒரே மூட்டையாகத் தோளில் போட்டுத் தூக்காமல், இரண்டு வாளியில் சம எடையாகப் பிரித்து இரண்டு கையிலும் பிடித்து ஏறினால் முதுகு நேராக நிற்கும், பிடி வலுவாகும், தோள்பட்டை பின்னால் இழுத்து நிற்கப் பழகும். ஜிம்மில் கனமான இரும்பைக் கையில் தொங்கவிட்டு நடக்கச் சொல்வார்களே, அதே பயிற்சிதான், படிக்கட்டும் சேர்ந்ததால் தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் வேலை. கீழே வைக்கும்போதும் எடுக்கும்போதும் இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கிக் குந்தி எடுப்பதை மட்டும் என் மகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவனுக்குப் பதினேழு வயது, முதுகு வலி என்றால் என்ன என்றே தெரியாது, அந்த வயதில்தான் இதைப் பழக்கிவிட வேண்டும்.

இணைப்பு நிரப்புவது முழுக்கக் குந்தி உட்கார்ந்து செய்யும் வேலை. குதிகால் தரையில் பதிய, நன்றாகக் குந்தத் தெரிந்தவர்களுக்கு இடுப்பு மூட்டும் கணுக்காலும் எளிதாக மடங்கும். ஆனால் மணிக்கணக்கில் குந்தினால் முட்டிக்கு அழுத்தம் அதிகம், அதனால் கொஞ்ச நேரம் குந்தியும் கொஞ்ச நேரம் சின்ன மணையில் உட்கார்ந்தும் மாறி மாறிச் செய்தோம். அன்றைக்கு என் தாளில் பஸ்கி எழுதியிருந்தேன், அதை அடித்துவிட்டேன். கால் வேலை நடந்துவிட்டது, அதற்கு மேல் பஸ்கி போடுவது வலுவைக் கூட்டாது, வலியைத்தான் கூட்டும்.

சிமெண்ட் வேலை செய்தால் ஒரு வாரம் நனைக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் சாக்கை விரித்துத் தண்ணீர் விட வேண்டும், வெயில் ஏறும் முன் காலை நனைப்பு முடிய வேண்டும். கலவை பலம் பெறுவதே இந்த ஈரத்தில்தான், பலர் மூன்றாம் நாளே விட்டுவிடுகிறார்கள், அப்புறம் சிமெண்ட் கம்பெனியைத் திட்டுகிறார்கள். எனக்கு இந்த நனைப்பால் ஒரு நல்லது கிடைத்தது. எப்படியும் ஐந்து மணிக்கு மாடி ஏற வேண்டும் என்பதால் எழுந்திருப்பதில் பேரம் பேச இடமில்லை, நனைத்துவிட்டு அப்படியே ஓடக் கிளம்பிவிட்டேன்.

முழு மாடியிலும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திக் கசிவு பார்ப்பதுதான் முறையான சோதனை. எங்கள் மாடி 600 சதுர அடி, ஒரு இஞ்ச் உயரத்துக்கு நிறுத்த வேண்டுமென்றால் 1,400 லிட்டருக்கு மேல் வேண்டும். கோடை நெருங்கும் நேரத்தில் மதுரையில் அதற்கு மனசு வரவில்லை. சந்தேகமான மூலையில் மட்டும் பத்துக்குப் பத்து அடிக்கு மண்ணால் வரப்பு வைத்து, குழாயின் வாயைத் துணிச் சுருளால் அடைத்து நிறுத்தினோம், அதற்குச் சுமார் 240 லிட்டர்தான் ஆயிற்று. ஒரு நாள் முழுக்க நின்றது, கீழே அறையில் துளி ஈரம் இல்லை. அந்தத் தண்ணீரைத் திறந்துவிடும்போது வாளியில் பிடித்துச் செடிகளுக்கு ஊற்றிவிட்டோம்.

ஓட்டம் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தைச் சுற்றி. திருமலை நாயக்கர் 1645இல் கட்டிய குளம், அவருடைய அரண்மனையான மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் இது என்றும், அப்படி வெட்டும்போது கிடைத்தவர்தான் மீனாட்சி அம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் என்றும் ஊரில் சொல்வார்கள். ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஆயிரம் அடி, மறுபக்கம் 950 அடி, அதனால் ஒரு சுற்று ஒரு கிலோமீட்டரைத் தாண்டும், தூரத்தைக் கணக்கிட ஓடுகிறவனுக்குக் கடிகாரமே தேவையில்லை. வைகைத் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது நடு மண்டபத்தைப் பார்த்துக்கொண்டே ஓடுவதற்கு இணையாக இந்த ஊரில் வேறு இடம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே ஓடினேன். மூச்சு வாங்காமல் ஒரு வாக்கியம் முடிந்தால் போதும், வேகம் சரி. மாடி வேலை நடக்கும் வாரத்தில் வேக ஓட்டம் வைக்கவில்லை.

செவ்வாயும் வியாழனும் கர்லாக்கட்டை, கைப்பிடியைப் பிடித்துச் சுற்றும் கனமான மரக்கட்டை. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை, ஏனென்றால் நம் ஊர்த் தேகப்பயிற்சி சாலைகளில் தலைமுறை தலைமுறையாகச் சுற்றிய பொருள், இன்றைக்கு வெளிநாட்டுக் கருவிகளுக்குக் காசு கொடுக்கிற பலர் இதைத் தொட்டுப் பார்ப்பதில்லை. புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டாம். கட்டையின் கனம் கைப்பிடியிலிருந்து தள்ளி அடிப்பக்கத்தில் இருப்பதால், சுற்றும்போது அந்த மூன்று கிலோவே நல்ல பாரமாகத் தெரியும். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, கட்டையை நெஞ்சுக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கிப் பின்பக்கமாக விட வேண்டும். அது தன் கனத்திலேயே முதுகுக்குப் பின்னால் தொங்கி ஆடி மறுபக்கம் வரும், முழங்கை மேல்நோக்கி நிற்க வேண்டும், வரும் வேகத்தைப் பிடித்து முன்னால் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கையால் இழுத்துச் சுற்றுகிறவர்களுக்கு மணிக்கட்டு வலிக்கும். கட்டையை ஆட விட்டு, வயிற்றை இறுக்கி, பாதத்தை ஊன்றி நின்றால் தோள் தானாகத் திறக்கும். வலப்பக்கம் எத்தனை சுற்றோ இடப்பக்கமும் அத்தனை. நாள் முழுக்க கணினி முன் கூன் போட்டு உட்காருகிற என் போன்றவர்களுக்குத் தோளுக்கு இதைவிட நல்ல பயிற்சி நான் பார்த்ததில்லை, அப்புறம் வாரக் கடைசியில் நீளக் கம்பு கட்டிய மட்டையைப் பிடித்துச் சுண்ணாம்பு அடிக்க வேண்டியிருந்ததால் அதற்கும் இது முன்தயாரிப்பு. தண்டாலும் இதோடு சேர்த்துப் போட்டேன். முதுகு தாழாமல், மூச்சை விட்டபடி மேலெழும்பி, உடம்பு நடுங்க ஆரம்பிக்கும் முன்னே நிறுத்திவிடுவது என் முறை.

கட்டைகள் கதவு மூலையில் உருண்டுகொண்டே கிடந்தன என்று மனைவிக்கு வருத்தம், நியாயமான வருத்தம். மாடிப்படிக்குக் கீழே மிச்சமிருந்த மரப்பலகையில் கைப்பிடி நுழையும் அளவுக்கு வெட்டு எடுத்து, இரண்டு எல் வடிவ இரும்புத் தாங்கி வைத்து முடுக்கிவிட்டேன், கட்டை தலைகீழாகத் தொங்குகிறது. சுவரில் துளை போடும்போது பூச்சுக்குள் நின்றுவிடாமல் செங்கல் வரைக்கும் போய் பிளக் அடித்தால்தான் இந்தக் கனம் தாங்கும்.

செவ்வாய் இரவு பழைய கல்லூரி நண்பர்களோடு விளக்குத்தூண் பக்கம் போனோம். ஒருத்தன் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தான், அவனுக்கு ஜிகர்தண்டா குடிக்காமல் ஊர் வந்த கணக்கே இல்லை. பாதாம் பிசின், நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிய பால், மேலே ஐஸ்கிரீம், அதைக் கரண்டியால் கலக்காமல் அடுக்கடுக்காகச் சாப்பிட வேண்டும் என்பது அவன் கொள்கை. நான் பருத்திப்பால் வாங்கிக்கொண்டேன். பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பிழிந்த பாலில் பச்சரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் போட்டுக் காய்ச்சியது, மதுரையில் சாயங்காலம் தள்ளுவண்டியில் சுடச்சுடக் கிடைக்கும். மாசி வீதிகளைச் சுற்றிப் பேசிக்கொண்டே நடந்தோம், கோயிலைச் சுற்றி நடக்கிற நடையையும் தாளில் எழுதிக்கொண்டேன். பயிற்சிக்காரர்கள் பலர் இந்த மாதிரி இரவுகளைத் தவிர்ப்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. நண்பனைப் பார்த்துப் பேசிச் சிரித்துவிட்டு வந்து படுத்தால் வருகிற தூக்கம் ஆழமானது.

புதன்கிழமை காதுகுத்து. பெரியம்மா மகள் வீட்டுக் குழந்தைக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். அக்காவுக்குக் கூடப்பிறந்த அண்ணன் தம்பி இல்லாததால் தாய்மாமன் ஸ்தானம் எனக்கு, மொட்டையடிக்கவும் காது குத்தவும் குழந்தை என் மடியில். சீர்த்தட்டு, மாலை, புதுத்துணி, தோடு, பழம் எல்லாம் மேளத்தோடு எடுத்துப் போனோம். அக்கா, "தம்பி, இறுக்கிப் பிடிச்சுக்க, தலைய ஆட்டிரப் போறா" என்று பயந்துகொண்டே நின்றார், பிள்ளை கத்திய கத்தலில் எனக்கும் கண் கலங்கியது. ஆசாரி நொடியில் குத்தி முடித்துவிட்டார், சந்தனத்தை மொட்டைத் தலையில் பூசியதும் அழுகை நின்றது. வெட்டவெளியில் பந்தி, ஆட்டுக்கறிக் குழம்பும் ரத்தப் பொரியலும், நன்றாகவே சாப்பிட்டேன். விருந்துக்குப் போய்விட்டு இலையில் கணக்குப் பார்ப்பது சொந்தக்காரர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. அன்றைக்குக் காலை மாடி நனைப்பு மட்டும் செய்தேன், சாயங்கால நனைப்பைப் பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துக்கொண்டார். இப்படி ஒருவரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது இந்த மாதிரி வேலையில் ரொம்ப முக்கியம், ஒரு வேளை காய்ந்தாலும் மெல்லிய இணைப்பில் மயிரிழை வெடிப்பு வந்துவிடும்.

வியாழக்கிழமை கார்ப்பரேஷன் தண்ணீர் வரும் நாள். கீழ்த்தொட்டியின் மிதவை வால்வு சரியாக மூடாமல், தொட்டி நிறைந்த பிறகும் தண்ணீர் வழிந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. இதற்கு உடனே புது வால்வு வாங்க வேண்டிய அவசியமில்லை. மெயின் வால்வை மூடிவிட்டு, மிதவைக் கம்பியைப் பிடித்திருக்கும் பின்னைக் கழற்றினால் உள்ளே இருக்கும் சின்னப் பிஸ்டன் வெளியே வரும், அதன் முனையில் காசு அளவுக்கு ஒரு ரப்பர் வாஷர். எங்கள் பக்கத் தண்ணீரில் உப்பு அதிகம், வாஷர் கல்லாக இறுகி நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, அது உட்காரும் இடத்திலும் உப்பு படிந்திருந்தது. எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் அந்தப் படிவு கரைந்துவிடும். புது வாஷர் போட்டு, மரையில் டெப்லான் டேப்பைக் கடிகாரம் சுற்றும் திசையில் சுற்றி முடுக்கினேன். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போது டேப் பிரிந்து சுருண்டுவிடும். வழிந்தோடும் குழாய்க்கு ஒரு இஞ்ச் கீழேயே தண்ணீர் நிற்கும்படி மிதவையின் உயரத்தைச் சரிசெய்ததும் வேலை முடிந்தது.

சனிக்கிழமை விடியலில் கீழக்குயில்குடி சமணர் மலை. ஓட்டக்காரர்கள் சிலர், அவர்கள் குடும்பம், என் மகன், எல்லாரும் சேர்ந்து போனோம். அடிவாரத்தில் தாமரைக்குளமும் ஆலமரமும் அய்யனார் கோயிலும். அங்கிருந்து பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம், சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்களும் அவற்றின் கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன, கி.பி. 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. அதற்கும் மேலே மாதேவிப் பெரும்பள்ளி என்ற சமணப் பள்ளி இருந்த இடத்தின் அடித்தளம். மலையின் இன்னொரு பக்கத்தில் செட்டிப்புடவு என்ற குகை, வாயிலில் பெரிய தீர்த்தங்கரர் உருவம். சிற்பங்களைத் தொடவோ அதன் மேல் சாயவோ கூடாது என்று பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிட்டோம், ஆயிரம் வருடம் நின்றதை நம் கைப்பட்ட எண்ணெயும் கிறுக்கலும் கெடுக்க வேண்டாம். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது நின்று நின்று போனோம். இறக்கத்தில்தான் தொடையின் முன்பக்கத் தசைக்கு அதிக வேலை, அதனால் சின்னச் சின்ன அடியாக, பாதத்தை முழுதாக ஊன்றி இறங்கச் சொன்னேன். வழுக்குப் பாறையில் செருப்பைவிட வெறுங்கால் நல்லது, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிட்டால். எட்டு மணிக்கெல்லாம் அடிவாரத்தில் இட்லி பொட்டலத்தைப் பிரித்தாயிற்று.

அன்று சாயங்காலம் சுண்ணாம்பு நீற்றினோம். இந்த வேலையில் மட்டும் எந்தச் சமரசமும் கூடாது. சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டதும் கொதிக்கும், ஆவி பறக்கும், தெறிக்கும். அதனால் முதலில் இரும்பு டிரம்மில் தண்ணீர் நிரப்பிவிட்டு, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீருக்குள் போட வேண்டும். கல்லின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. மெல்லிய பிளாஸ்டிக் வாளி இந்தச் சூட்டில் இளகிவிடும். கண்ணை மூடும் கண்ணாடி, ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை மூன்றும் கட்டாயம், பக்கத்தில் ஒரு வாளி நல்ல தண்ணீர் தயாராக இருக்க வேண்டும். கண்ணில் பட்டால் தேய்க்காமல் குறைந்தது பதினைந்து நிமிடம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு, நேரே கண் மருத்துவரிடம் போக வேண்டும். நீளக் கம்பால் கிளறி, இரவு முழுக்க மூடி வைத்து, காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினோம். ஒட்டுவதற்கு மரவேலைக்குப் பயன்படுத்தும் வெள்ளைப் பசையை வெந்நீரில் கரைத்துச் சேர்த்தோம். சிலர் இதில் உப்புக் கல்லும் போடுவார்கள், நான் போடவில்லை, உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும்.

ஞாயிறு விடியும் முன்பே மாடியைக் கூட்டிக் கழுவி ஈரமாக வைத்துக்கொண்டோம். காய்ந்த ஓடு சுண்ணாம்பில் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், அப்புறம் கையில் ஒட்டும் மாவாகத்தான் நிற்கும். சுண்ணாம்பு காற்றில் இருக்கும் கரியமில வாயுவை இழுத்து மறுபடியும் கல்லாக மாறுகிறது, அதற்கு ஈரம் வேண்டும், மெதுவாகக் காய வேண்டும். ஆகவே காலை ஏழு மணிக்கு முன் ஒரு பூச்சு, வெயில் தாழ்ந்த பிறகு ஒரு பூச்சு, மறுநாள் விடியலில் கடைசிப் பூச்சு. முதல் பூச்சு நீர்க்கத்தான் இருக்க வேண்டும், அடிக்கும்போது ஓட்டின் சிவப்பு அப்படியே தெரியும், காய்ந்த பிறகுதான் வெள்ளை வரும், இது தெரியாமல் முதல் பூச்சிலேயே தடியாக அப்பினால் பாளம் பாளமாக உரியும். முதல் பூச்சு தெற்கு வடக்காக என்றால் அடுத்தது கிழக்கு மேற்காக. எங்கள் 600 சதுர அடிக்கு 25 கிலோ மூட்டை ஒன்றும் அதற்கு மேல் கொஞ்சமும் பிடித்தது. மகன் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் கம்பு கட்டிய மட்டையோடு நின்று அடித்தோம், அம்மா படியில் உட்கார்ந்து விட்டுப்போன இடங்களைக் கைகாட்டிக்கொண்டே இருந்தார்.

குழாய் ஓரமாக இரண்டு ஓடுகளை மட்டும் வேண்டுமென்றே அடிக்காமல் விட்டிருக்கிறேன். மத்தியானம் மூன்று மணிக்கு வெள்ளை மேல் வெறுங்காலோடு நிற்க முடிகிறது, அந்த இரண்டு ஓட்டின் மேல் கால் வைக்க முடியவில்லை. பார்க்க வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல விளக்கம் வேண்டாம். ராத்திரி மேல் அறையில் தளத்திலிருந்து இறங்கும் அந்த அனல் குறைந்திருக்கிறது என்று மகள்தான் முதலில் சொன்னாள், அவள் படுப்பது அங்கேதான்.

இந்த வெள்ளை ஒரு மழைக்காலத்தைத் தாண்டினால் மங்கிவிடும், வருடா வருடம் மாசியில் ஒரு பூச்சாவது அடிக்க வேண்டும். விலை அதிகமான குளிர்ச்சி பெயிண்டுகள் இதைவிட நாள்பட நிற்கும் என்பது உண்மைதான், ஆனால் என் கையால் இரண்டு நாளில் அடித்து முடிக்கக்கூடியதும், ஒன்றிரண்டு மூட்டை விலையில் முடிவதுமான சுண்ணாம்புதான் எங்களுக்குச் சரி. இணைப்பு வேலையை அடுத்த வருடம் திரும்பச் செய்யத் தேவையிருக்காது, ஐப்பசிக்கு முன் மழைநீர் குழாயின் வாயில் ஒரு கம்பி வலை மட்டும் வைக்க வேண்டும், வேப்பிலைச் சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் பூசிய மூலைதான் முதலில் பாதிக்கப்படும். வரும் வாரம் மாடி வேலை இல்லாததால் தெப்பக்குளத்தில் வேக ஓட்டத்தையும், அடித்துவிட்ட பஸ்கியையும் தாளில் மறுபடி சேர்த்திருக்கிறேன்.